மூவாயிரத்து முந்நூறாவது சனிக்கிழமை

முப்பத்தொரு வருடம் ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு வேலை செய்த மனிதர், அந்த நிகழ்ச்சியை ஒருநாள்கூட வானொலியில் கேட்டதில்லை என்றால் யாராவது நம்புவார்களா? அருமைநாதனைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள். நிகழ்ச்சி காற்றில் போகிற அந்த ஒரு மணித்தியாலமும் அவர் மேடையில் குந்துவதும் முழந்தாளிடுவதுமாக இருப்பார். பிறகு எங்கே கேட்பது?

மேடை என்றதும் பாட்டுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குப் பாட்டும் வராது, வாத்தியமும் வராது. கோவிலில் பாடகர் குழுவுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தால், அவரைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்குவார்கள். கிழமை நாட்களில் புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சனிக்கிழமை மத்தியானம் ஆனால், சட்டைப்பை பிதுங்கப் பிதுங்கக் கலர் டேப் சுருள்களோடு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குக் காரை விடுவார். வில்லரேயில் இருக்கும் அவருடைய வீட்டிலிருந்து நகரம் இருக்கிற தீவின் மேற்கு நுனிவரை போக வேண்டும். பனியோ வெயிலோ, ஒரு சனிக்கிழமையும் அவர் தவறவில்லை.

அங்கே கால்வாயோரம் ஒரு பழைய மரமண்டபம் இருக்கிறது. 1961 ஒக்டோபரில் லூசியன் தெரியோ என்ற உருளைக்கிழங்குத் தோட்டக்காரர், கிட்டாரும் கையுமாக அதற்குள் நுழைந்து ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். தமிழில் சொன்னால் 'சனிக்கிழமைக் கொட்டகை'. பின்னேரம் நாலு மணி தொடக்கம் ஐந்து மணிவரை கண்ட்ரி இசை. பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலிஷ். பாடுகிற அந்தக் கணமே அது வீடுகளில் கேட்கும். முன்கூட்டிப் பதிவு செய்து போடுவது லூசியனுக்குப் பாவம் மாதிரி. காற்றில் போனதைப் பதிந்து வைப்பதும் கிடையாது. பாடியது பாடியதுதான், போனது போனதுதான். அன்றிலிருந்து இன்றுவரை அந்த நாலு மணி ஒரு கிழமையும் தவறியதில்லை. கொரோனாக் காலத்தில் ஊரே கதவைச் சாத்தியிருந்தபோதும், ஒரே வீட்டிலிருந்து வந்த ஒரு தகப்பனும் இரண்டு மகள்களும் வெறும் கதிரைகளுக்கு முன்னால் நின்று பாடினார்கள்.

ஆனால் பார்க்கிறவனை வாய் பிளக்க வைப்பது இதெல்லாம் இல்லை. அந்த மேடையில் ஒரே ஒரு மைக்தான் தொங்கும். பத்துப் பேர் வாசித்தாலும் அந்த ஒன்றுதான். யாருடைய சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைக் குமிழைத் திருகிச் சரிசெய்ய முடியாது, காலால்தான் சரிசெய்ய வேண்டும். பாஞ்சோ வாத்தியம் உரக்கக் கத்தும், அதனால் பின்னால் நிற்கும். மெல்லிய குரல்காரி மைக்குக்குக் கிட்ட நிற்பாள். வயலின்காரருக்குத் தனி வாசிப்பு வந்தால் இரண்டு எட்டு முன்னே வருவார். அவர் வர மற்றவர் விலகுவார். விலகியவருடைய கிட்டாரின் கழுத்து, வருகிறவரின் காதை உரசுகிற மாதிரிப் போகும், ஆனால் உரசாது. ஒரு சொல் பேசிக்கொள்ள மாட்டார்கள். அருமைநாதன் முப்பத்தொரு வருடம் பார்த்தும், அந்த முன்னுக்கு வருதலும் பின்னுக்குப் போதலும் அவருக்கு அலுக்கவேயில்லை. பூசையில் அப்பம் உயர்த்துகிற நேரம் வருகிற அதே அமைதி அப்போதும் அவருக்குள் வரும். இதை அவர் சுவாமியாரிடம் சொன்னதில்லை.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் தரையில் இருந்த அடையாளங்கள். வயலினுக்குச் சிவப்பு, கிட்டாருக்கு நீலம், பாஞ்சோவுக்கு மஞ்சள் என்று, ஒவ்வொருவரும் நிற்கிற இடத்தில் ஒரு துண்டு டேப். பக்கத்தில் பென்சிலால் அவருடைய பெயர். ஆள் செத்துப்போனாலும் அடையாளத்தை எடுக்க மாட்டார்கள், புதியவரின் டேப்பை மேலே ஒட்டுவார்கள். டேப் இல்லாத காலத்தில் லூசியன் பழுப்புப் பெயின்றால் போட்ட கோடுகூட அடியில் இருந்தது. அறுபத்துமூன்று வருடம் இப்படிப் பொருக்குப் பொருக்காக ஏறியிருந்தது. விஷயம் தெரிந்தவனுக்கு அது சரித்திரம், தெரியாதவனுக்கு ஊத்தை.

பனி ஈரச் சப்பாத்துக்கு டேப் அடிக்கடி கிளம்பும். அதைப் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், நிகழ்ச்சி நடத்துகிற மார்லீன் ஊர்ப் புதினம் வாசிக்கிற அரை நிமிடத்துக்குள், திரும்ப ஒட்டுவதுதான் அருமைநாதனின் உத்தியோகம். 1993இல் கதிரை இறக்குகிற வேலைக்கு வந்தவர், கிளம்பிக் கிடந்த ஒரு டேப்பைக் கண்டு, யாரும் கேட்காமலே குந்தி, மயிரிழை பிசகாமல் ஒட்டினார். லூசியன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அடுத்த கிழமையும் வா," என்றார். "ஆனால் ஒன்று. வீட்டிலே கேட்கிற ஒருவருக்கும் நீ இங்கே இருப்பது தெரியக் கூடாது."

அருமைநாதனுக்கு அது வேதவாக்கு. றப்பர் அடி வைத்த சப்பாத்து வாங்கினார். மேடைக்கு ஏறமுன் திறப்புக் கோர்வையையும் சில்லறையையும் மேசையில் வைத்துவிடுவார். தும்மல் வந்தால் மூச்சை அடக்கியே சாகடிப்பார். கல்யாண வீடுகளில் நாலு பேர் கூடினால், "முப்பத்தொரு வருசம், ஒரு சத்தம்? ஒரு சின்னச் சத்தம்?" என்று நெஞ்சை நிமிர்த்துவார். இருப்பதே தெரியாமல் இருந்ததற்குப் பெருமைப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவருடைய மனைவி யோசெப்பின் வில்லரேயில் ஒரு கார்டெரியில் பிள்ளைகளைப் பார்க்கிறவ. சனிக்கிழமை பின்னேரம்தான் கிழமைக்குரிய சமையல். குசினி ஜன்னலோரம் ஒரு பழைய றேடியோ உண்டு, நாலு மணிக்கு அதைத் திருகிவிடுவா என்பது அருமைநாதனுக்குத் தெரியும். கறிக்குத் துணையாக ஏதோ சத்தம் என்று நினைத்திருந்தார். "ஒருக்கா வந்து பாருமன்" என்று வருடக்கணக்காகக் கேட்டும் அவ போனதில்லை. வீட்டுக்கு வந்தபின் "எப்பிடி இருந்தது?" என்று கேட்டால், "ம், கேட்டன்" என்பதோடு சரி. மேடையில் டேப் எதற்கு என்று அவ கேட்டதுமில்லை, வயர் கட்ட என்று நினைத்திருந்தா. மனைவிக்கு அதில் பிடிப்பில்லை என்று அவர் மனதுக்குள் ஒரு சின்னக் கவலையை மடித்து வைத்திருந்தார்.

போன வருடம் டிசம்பர் இருபத்தெட்டு, நத்தார் முடிந்த சனிக்கிழமை. அன்று கொட்டகையின் மூவாயிரத்து முந்நூறாவது நாள். லூசியன் காலமானபின் நிகழ்ச்சியை நடத்துகிற அவருடைய மகள் மார்லீன், அன்றைக்கென்று பதினாலு பேரை அழைத்திருந்தார். வழமையாக ஏழெட்டுப் பேர்தான்.

அதற்கு முதல்நாள் ஒரு சங்கதி நடந்தது. அருமைநாதனின் கோவில் பங்குச் சனத்தின் நத்தார் ஒளிவிழா வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தபின், கோவில் மண்டபத்தில் குளிருக்குத் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. அருமைநாதன் மார்லீனைக் கேட்டார். மார்லீன் யோசிக்காமல் மண்டபத் திறப்பை நீட்டினார். ஒளிவிழாவும் அமர்க்களமாக நடந்தது. முடிந்ததும் அருமைநாதன் வயதானவர்களைக் காரில் ஏற்றி இறக்கப் போய்விட்டார். மண்டபத்தில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. இரவல் வாங்கிய சட்டியைக்கூட வெறுமனே திருப்பிக் கொடுக்காத சனம். வெள்ளைக்காரி நம்பித் தந்த மண்டபத்தைத் தந்ததிலும் பளிச்சென்று திருப்பிக் கொடுக்காவிட்டால் மானம் என்னாவது? சுடுதண்ணீர் வைத்தார்கள். வினாகிரி ஊற்றினார்கள். மேடையில் பார்த்தால் ஒரே ஊத்தை, ஒட்டலும் பிசினும். தோசைக் கரண்டியால் சுரண்டி, கம்பித் தும்பால் தேய்த்து, மூன்றுமுறை கழுவித் துடைத்துவிட்டுத்தான் போனார்கள். முன்னுக்கு நின்று செய்வித்தவ யோசெப்பின்.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு அருமைநாதன் கதவைத் திறந்தார். விட்டுவந்த சட்டி பானைகளை எடுக்க யோசெப்பினும் கூட வந்திருந்தா. மேடையைப் பார்த்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். புதுப்பலகை மாதிரி வெளேரென்று இருந்தது. ஒரு டேப் இல்லை, ஒரு பெயர் இல்லை.

"ஆர் இதைத் துடைச்சது?"

"நாங்கள்தான்," என்றா யோசெப்பின் சந்தோஷமாக. "எப்பிடி இருக்கு? கை ரெண்டும் விட்டுப் போச்சு. ஆரோ சின்னப் பிள்ளையள் டேப் ஒட்டி விளையாடியிருக்குதுகள்."

அவர் போய்க் கதிரையில் இருந்தார். பிறகு அந்த டேப்புகள் என்ன என்று விளங்கப்படுத்தினார். கேட்கக் கேட்க யோசெப்பினின் முகம் செத்துப்போயிற்று. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்று சொல்வார்களே, வேதக்காரர் வீட்டிலும் அதுதான் நடந்தது.

இனி எப்படி ஒட்டுவது? இத்தனை வருடமும் பழைய அடையாளத்தின் மேல்தான் புதியது ஒட்டியிருக்கிறார். அடையாளம் இருக்கும்போது அளவு எதற்கு? ஒருநாளும் அளந்து வைத்ததில்லை. முழந்தாளில் நின்று கண்ணை மூடிப் பார்த்தார். கைக்கு ஒன்றும் வரவில்லை. தரை தெரியாதபோது கையும் ஊமையாகிவிட்டது.

மார்லீன் வந்தார். வெறும் மேடையைப் பார்த்தார். குனிந்து, தகப்பனின் பழுப்புக் கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினார். ஏசியிருந்தால் அருமைநாதனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அவர் ஏசவில்லை. எல்லோரும் ஃபோன்களை எடுத்துப் பழைய படங்களைத் தேடினார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றிலும் முகம். ஒன்றிலாவது கால் இல்லை.

மூன்று மணிக்குள் பதினாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். சும்மா நின்று ஒரு பாட்டை வாசித்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். மேடைக்குப் பின்னால் ஒலிபரப்பு அறையில் இருந்த ஜில், அந்த வருடம்தான் வேலைக்கு வந்தவன், எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினான். சரியில்லை என்பது அவனுக்குத் தெரிகிறது, எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியவில்லை.

மார்லீன் எல்லோரையும் பார்த்து, "நாங்கள் வானொலியில் எப்படி ஒலிப்போம்? உங்களில் யாராவது கேட்டிருக்கிறீர்களா?" என்றார்.

ஒருவரும் கேட்டதில்லை. எப்படிக் கேட்டிருப்பார்கள்? அந்த நேரம் பாடுகிறவர்கள் மேடையிலும் பாடாதவர்கள் கீழே கதிரைகளிலும் அல்லவா இருந்தார்கள். அறுபத்துமூன்று வருடம் ஒலித்த ஒன்றை, அதை ஒலிக்கச் செய்த ஒருவருமே கேட்டதில்லை. அருமைநாதனுக்கு அதை நினைக்கத் தலை சுற்றியது.

"நான் கேட்டிருக்கிறன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யோசெப்பின் சொதிச்சட்டியும் கையுமாகக் மண்டபத்துக் குசினி வாசலில் நின்றா.

"உமக்கு என்ன தெரியும்? பாட்டின்ரை ஒரு சொல்லும் விளங்காது எண்டனீர்?" என்றார் அருமைநாதன்.

"சொல்லு விளங்காட்டி என்ன? ஆர் ஆர் எங்கை நிக்கினம் எண்டு கேக்கும்தானே. முப்பத்தொரு வருசமாக் கேக்கிறன். என்னை அந்த அறைக்குள்ளை விடச் சொல்லுங்கோ."

ஜில் தன் கதிரையை விட்டு எழும்பினான். யோசெப்பின் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒலிபெருக்கிக்கு முன்னால் இருந்து, கண்ணை மூடினா. கதவு திறந்தே இருந்தது. பாட்டுத் தொடங்கியது.

"வயலின்காரர் தூரத்திலை நிக்கிறார். வாசிக்க முதல் அவர் மூக்கை உறிஞ்சிறது கேக்கவேணும். அரை அடி முன்னுக்கு விடுங்கோ."

எழுபத்தொன்பது வயது ஒமேர், தான் மூக்கை உறிஞ்சுவது அன்றுதான் தனக்கே தெரிந்ததுபோல விழித்தார். அரை அடி முன்னுக்கு வந்தார். உறிஞ்சினார். "ஓம், அதுதான்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அருமைநாதன் சிவப்பு டேப்பை ஒட்டினார்.

"அந்தக் காப்புப் போட்ட பொம்பிளை ஒரு சாண் பின்னாலை. அவவின்ரை காப்புச் சத்தம் பாட்டை விடக் கூடக் கேக்குது. பாஞ்சோ பின்னாலை, இன்னும் பின்னாலை. பெரிய பேஸ் வாத்தியத்திலை விரல் வழுக்கிறது கேக்கவேணும், பக்கத்தாலை திருப்பி நிக்கச் சொல்லுங்கோ."

பாட்டை நிறுத்தாமலே இப்படி ஒவ்வொருவராக. அருமைநாதன் தமிழில் வாங்கிப் பிரெஞ்சில் கொடுத்துக்கொண்டு தவழ்ந்தார். ஆறாவது ஆள் வரும்போது மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. 'பின்னாலை' என்ற சொல் கேட்டதுமே பாஞ்சோக்காரன் பின்னுக்கு நகர்ந்தான். மனிதர் நிமிர்ந்து நிமிர்ந்து அந்த அறையின் வாசலைப் பார்த்தார். உப்புப் பார்க்கிற மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தா யோசெப்பின். முப்பத்தாறு வருடம் கூடக் குடியிருந்த பெண்ணை அவர் அன்றுதான் முதல்முறை காண்கிறார் போலிருந்தது.

கடைசியாக மார்லீன். "அவவின்ரை குரலுக்கு முதல் கடதாசி பிரட்டிற சத்தம் வரும். இப்ப வரேல்லை. கிட்ட... இன்னும் கிட்ட... இடப்பக்கம் கொஞ்சம்..."

மார்லீன் கால் மாற்றி வைத்தார். திடீரென்று அசையாமல் நின்றார். பிறகு குனிந்து பார்த்தார். கழுவிய பலகையில், வலது குதிக்கால் வைத்த இடத்தில், ஒரு சின்னப் பள்ளம். உள்ளங்கை அளவு. அத்தனை வருடம் டேப்பும் பொருக்கும் மூடி நிரவிவிட்டிருந்த பள்ளம். லூசியன் பாடும்போது வலது குதிக்காலால் தாளம் தட்டுவார். நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒரே இடத்தில் தட்டியிருக்கிறார்.

"பப்பா," என்றார் மார்லீன். அந்தப் பள்ளத்திலிருந்து காலை எடுக்கவில்லை. யோசெப்பின் உள்ளேயிருந்து ஒன்றும் காணாமலே, "அதுதான் சரியான இடம், அசைய வேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றா. அருமைநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை அவர் துடைக்கவும் இல்லை.

நாலுக்கு இன்னும் பத்து நிமிடம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். யோசெப்பின் அறையிலிருந்து வெளியே வந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றா.

"எல்லாம் சரி. ஆனா ஒண்டு குறையுது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலை ஒரு சத்தம் வரும். முதல் 'சர்'ரெண்டு ஏதோ கிழியும். பேந்து 'டக்'கெண்டும். அது இன்னும் வரேல்லை."

அப்படி வாத்தியம் ஒன்றும் இல்லையே என்று அருமைநாதன் யோசித்தார். யோசித்தபடியே, கிளம்பிக் கிடந்த ஒரு மூலையை ஒட்ட மைக்குக்குக் கீழே போனார். டேப்பைக் கிழித்தார், சர். முழந்தாளிட்டார். முழங்கால் எலும்பு டக்கென்றது.

"கேட்டுதோ?" என்று சிரித்தா யோசெப்பின். "அதுதான்."

முப்பத்தொரு வருடப் பெருமை ஒரு டக்கில் போயிற்று. "உது றேடியோவிலை கேட்டதோ? ஒவ்வொரு கிழமையுமோ? எல்லாருக்குமோ?"

"மற்றவை பலகை நெரியுது எண்டு நினைப்பினம். வீட்டிலை செபமாலைக்கு முழந்தாளிலை நிக்கேக்கை வாற சத்தம் எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நிப்பாட்டிப் போடுவியள்." யோசெப்பின் குரலைத் தாழ்த்தினா. "தொண்ணூற்றெட்டிலை ஐஸ் மழை பெய்ததெல்லோ. கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. றோட்டெல்லாம் கண்ணாடி. போக வேண்டாம் எண்டு கத்தக் கத்தப் போனனீங்கள். நான் பிள்ளை றொஷினியையும் மற்றதையும் போர்வைக்குள்ளை வச்சுக்கொண்டு, பற்றறி றேடியோவைக் காதோடை பிடிச்சுக்கொண்டிருந்தன். முதல் பாட்டு முடிஞ்சுது. டக்கெண்டுது. அதுக்குப் பிறகுதான் பிள்ளையளுக்குச் சாப்பாடு தீத்தினனான். அண்டையிலையிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கேட்டிட்டுத்தான் அடுப்பை மூட்டுறனான்."

ஐஸ் மழையன்று பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை வீட்டுக்குச் சொல்ல வழி தேடித் தவித்தது அருமைநாதனுக்கு ஞாபகம் இருந்தது. வழி தேடிக்கொண்டு முழந்தாளிட்டபோதே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்பது இருபத்தேழு வருடம் தெரியாமல் இருந்திருக்கிறது.

யோசெப்பின் கோட்டை மாட்டினா. "காருக்குள்ளை போய் இருக்கிறன். எனக்கு றேடியோவிலை கேட்டாத்தான் சரிவரும்," என்று சொல்லி, சொதிச்சட்டியையும் எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கினா.

சரியாக நாலு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மூவாயிரத்து முந்நூறாவது தடவையாகக் கடதாசி பிரட்டுகிற சத்தம், பிறகு மார்லீனின் குரல், பிறகு ஒமேரின் மூக்கு. பதினாலு பேரும் அந்த ஒற்றை மைக்குக்கு முன்னால் வந்தும் போயும் விலகியும் சுழன்றார்கள், ஒருவரையொருவர் தொடாமல். முதல் பாட்டு முடிந்தது. அருமைநாதன் சட்டைப்பையிலிருந்து டேப் சுருளை எடுத்துக்கொண்டு மைக்குக்குக் கீழே போனார். தேவைக்கு மேலேயே கொஞ்சம் கிட்டப் போனார். அங்கே ஒட்டுவதற்கு ஒன்றும் கிளம்பியிருக்கவில்லை. ஆனாலும் ஒரு துண்டு கிழித்து, ஆறுதலாக முழந்தாளிட்டார்.